அக்காவின் பெயரில் ஒரு படகு

கொழும்பு வெள்ளவத்தையில் அக்காவின் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் கண் போவது படுக்கையறை அலுமாரிக்கு மேலே கிடக்கும் அந்தப் பைக்குத்தான். தோடம்பழ நிறம். ஒரேஞ்ச் என்பார்களே, அது. மெத்தையைச் சுருட்டிக் கட்டியது போன்ற பருமன். "ஆர் வெளிநாட்டுக்கு வெளிக்கிடுகினம்?" என்று கேட்பார்கள். எங்கள் ஆட்களுக்குப் பெரிய பையைக் கண்டால் விமான நிலையம்தான் ஞாபகத்துக்கு வரும். அக்கா எத்தனையோ வருடமாக ஒரே பதிலைத்தான் சொல்லி வருகிறாள். "ஒருத்தரும் வெளிக்கிடேல்லை. அது என்ர போட்." கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் தேநீரை எடுத்துக் குடிப்பார்கள்.

போன கிழமை அந்தப் பை கீழே இறங்கியது. படகில் காற்று நிற்கவில்லை. வழக்கமாக ஒட்டுப் போட்டுத் தருகிற டயர் கடைக்காரர் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, ஓட்டை என்றால் அடைக்கலாம், ரப்பரே வெடித்துப் போனால் எதை அடைப்பது என்று கையை விரித்துவிட்டார். அன்று பின்னேரமே அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைத்தொலைபேசியில் புதுப் படகு தேடத் தொடங்கிவிட்டாள். அறுபதைத் தாண்டிய பெண்கள் ஃபோனில் தேடுவது முழங்கால் வைத்தியமும் கோயில் திருவிழாவும். இவள் காற்றறை எத்தனை, தளம் பலகையா காற்றா, துடுப்புக் கொளுவும் வளையம் எதில் செய்தது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ரொறன்ரோவிலிருந்து அண்ணா பேசினார். "நீங்கள் ஏன் கஷ்டப்படுறியள்? நான் இங்க இருந்து என்ர பேரில ஓடர் பண்ணி அனுப்பிவிடுறன்" என்றார். அக்கா ஃபோனை என்னிடம் நீட்டினாள். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். முதல் படகு வாங்கிய அன்று கொட்டாஞ்சேனைக் கடையில் அதே முகத்தை வைத்துக்கொண்டுதான் நின்றாள்.

அது சண்டைக் காலம். அம்மா, அக்கா, நான் மூவரும் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் அக்கா இன்றும் இருக்கிற இதே மூன்றாம் மாடி வீட்டில் இருந்தோம். அப்பா காலமாகி, யாழ்ப்பாணத்து வீடு பூட்டிக் கிடந்தது. கனடாவுக்குப் போன அண்ணா எங்கள் மூவரையும் கூப்பிடுவதற்கு எழுதிப் போட்டிருந்தார். வெள்ளவத்தை முழுக்க அப்படித்தான் இருந்தது. மாடிக்கு மாடி ஆட்கள் விசாவுக்குக் காத்திருந்தார்கள். காத்திருக்கிறவர்கள் கட்டில் வாங்க மாட்டார்கள், பாய் போதும் என்பார்கள். பூச்செடி வைக்க மாட்டார்கள். பெட்டிக்குள் போகாத எதையும் வாங்கக் கூடாது என்பது எங்களுக்குள் ஓர் எழுதாத சட்டம். அக்கா அந்தச் சட்டத்தை ஒருநாளும் மதித்ததில்லை. கோட்டையில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் அவளுக்கு வேலை. முப்பத்தைந்து வயதாகியிருந்தது, கலியாணம் ஆகவில்லை. அதைப் பற்றி யாராவது கதை எடுத்தால் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவுவாள். கதை நிற்கும் மட்டும் சத்தமாகக் கழுவுவாள்.

மீன் பிடிக்கிற பழக்கம் கந்தோரில் கூட வேலை செய்த நானாவால் வந்தது. துறைமுகத்தில் சரக்கு மீட்கிற வேலையைப் பார்த்தவர். தெமட்டகொடையில் குடும்பத்தோடு இருந்தார். முஸ்லிம் ஆட்கள் அண்ணனை நானா என்பார்கள், அதனால் எல்லாருக்கும் அவர் நானா. மேலதிகாரிகூட அவரை நானா என்றுதான் கூப்பிடுவார். ஒரு முறை கந்தோர் சுற்றுலாவில், ஹங்வெல்லைப் பக்கம் களனி ஆற்றங்கரையில் அவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வெற்றிலை மடிக்கிற நேரத்துக்குத் தூண்டிலைக் கொஞ்சம் பிடித்திருக்கச் சொல்லி அக்காவிடம் கொடுத்தாராம். வெற்றிலை வாய்க்குப் போவதற்கு முன் ஒரு விரால் விழுந்துவிட்டது. அன்றோடு அக்கா விழுந்தாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் நானாவின் பழைய கார் ஒழுங்கை முனையில் ஹோன் அடிக்கும். முன் சீட்டில் நானாவும் மனைவியும், பின் சீட்டில் அக்காவும் நானும், கால்மாட்டில் புழு டப்பாவும். நான் அப்போது டியூஷன் வகுப்பு ஒன்றில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கிழமை முழுக்கப் பிள்ளைகளுடன் கத்திய தொண்டைக்கு அந்த ஆற்றங்கரையின் அமைதி மருந்தாக இருந்தது.

கரையிலிருந்து போட்டால் சின்ன மீன்தான். பெரிய விரால்கள் எதிர்க்கரையில், மூங்கில் புதர் ஆற்றுக்குள் சாய்ந்து நிழல் விழுகிற இடத்தில் நின்றன. தரை வழியாக அங்கே போக முடியாது. மணல் அள்ளுகிறவர்களிடம் வள்ளத்தை இரவல் கேட்டோம். முதலில் சிரித்த முகத்தோடு தந்தார்கள். பிறகு ஒருநாள் ஒருவன் அக்காவின் பெயரைக் கேட்டான். அக்காவின் பெயர் நீளமானது. பாதி சொல்வதற்கு முன்னே இனம் தெரிந்துவிடும். சுருக்கிச் சொல்ல அவளுக்கு வராது. முழுதாகச் சொன்னாள். அவன் வள்ளத்தின் கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டுவிட்டு, இன்றைக்குத் தேவைப்படுகிறது என்றான். அவனைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அந்த நாட்களில் எங்கள் பெயரோடு படகு சேர்ந்தால் எல்லாருடைய மனதிலும் ஒரே படம்தான் ஓடும், கடலில் இயக்கத்துப் படகு.  திரும்பி வரும்போது, கார் தெமட்டகொடையை நெருங்கிய இடத்தில் அக்கா, "நானா, காத்தடிக்கிற போட் எங்க விக்கிறாங்கள்?" என்று கேட்டாள். மூன்றாம் மாடியில் இருக்கிறவள் வேறு எந்தப் படகை வாங்க முடியும்? மடித்தால் அலுமாரிக்கு மேல் போக வேண்டும், விரித்தால் ஆற்றைக் கடக்க வேண்டும். நானா கார்க் கண்ணாடிக்குள்ளால் அவளைப் பார்த்தார். "கொட்டாஞ்சேனையில ஒரு கடை ஈக்கி தங்கச்சி. நெசமாத்தான் கேக்கிறீங்களா?" என்றார். "ஓம் நானா, உண்மையாத்தான்" என்றாள் அக்கா.

வீட்டில் நடந்ததைக் கேட்க வேண்டாம். அம்மாவுக்கு முதல் மனக்குறை ஆற்று மீன். யாழ்ப்பாணத்தில் பிறந்த யாருக்கும் கடல் மீன்தான் மீன், மற்றதெல்லாம் சேறு. அக்கா கொண்டு வருகிற விராலுக்கென்று பழைய அலுமினியச் சட்டி ஒன்றைப் பல்கனியில் தனியாக வைத்திருந்தார். தன்னுடைய மண்சட்டியை அதன் பக்கத்தில்கூட வைக்க விடமாட்டார். "கடல் வாசலில கிடக்குது. ஆத்தை ஏன் தேடிப் போறாய்?" என்று கேட்டார். படகு என்ற சொல்லைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு யன்னலைச் சாத்தினார். உடனே கொட்டாஞ்சேனை மாமாவுக்குச் செய்தி போனது. மாமா அம்மாவின் தம்பி. அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர், குடும்பத்தில் ஆண்பிள்ளை இல்லாத வீட்டுக்குத் தானே நீதவான் என்று நினைத்துக்கொண்டிருந்தவர். வந்து கதிரையில் இருந்ததுமே சொன்னார்.

"எங்கட ஆக்கள் மீன் வாங்கிறவை, பிள்ளை. பிடிக்கிறவை இல்லை."

அந்த ஒரு வசனத்துக்குள் என்ன இருக்கிறது என்று யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. வீட்டை விட்டு, வளவை விட்டு, அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் பதில் சொல்லித் திரிந்த காலத்திலும் இந்தச் சாதித் தடிப்பை மட்டும் பத்திரமாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தோம். எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வரும். அக்கா குரலை உயர்த்தவில்லை. "அப்ப நான் எங்கட ஆக்கள் இல்லை, மாமா" என்றாள்.

மாமா விடவில்லை. அவருடைய அடுத்த கதையில் நியாயம் இருந்தது, அதுதான் சங்கடம். "சரி, வாங்கு. உள்ளுக்குத் தூக்கிப் போட்டாங்கள் எண்டால் கனடா இல்லை, தெரியுமே? பொலிஸ் ரிப்போட்டில ஒரு கீறு விழுந்தால் உன்ர அலுவல் மட்டுமில்லை, கொம்மான்ர அலுவலும் இவளின்ர அலுவலும் முடிஞ்சுது. வாங்கிறதெண்டால் அந்த நானாவின்ர பேரில வாங்கு." அம்மாவும் அதற்குத் தலையாட்டினார். அக்கா என் பக்கம் திரும்பி, "உனக்குப் பயமே?" என்று கேட்டாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் மாமாவின் பக்கம் நிற்பதைவிடப் பயத்தோடு அக்காவின் பக்கம் நிற்பது சுகமாக இருந்தது. "எனக்கு மூங்கிலடிக்குப் போக வேணும்" என்றேன்.

மாமா சொன்னது புதிய விஷயமில்லை. கொழும்பில் நாங்கள் அப்படித்தான் வாழ்ந்தோம். எங்கள் வீட்டு ஒப்பந்தம் அண்ணாவோடு படித்த சிங்களவர் ஒருவருடைய பெயரில் இருந்தது. டெலிபோன் வீட்டுக்காரருடைய பெயரில். மாமாவின் மோட்டார் சைக்கிள் அவருடைய பழைய கந்தோர்க் கூட்டாளியின் பெயரில். கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். அடைக்கலம் கொடுப்பதுபோல் பெயரைக் கொடுத்த நல்ல மனிதர்கள் அவர்கள், அதை நான் மறக்க மாட்டேன். ஆனால் நாங்கள் தொட்டதெல்லாம் இன்னொருவருடையதாக இருந்தது. சோதனைச் சாவடியில் மாமா தன் சொந்த மோட்டார் சைக்கிளில் இருந்துகொண்டே, இது நண்பருடையது ஐயா, இரவல் ஐயா என்று சொல்வார். சொல்லிச் சொல்லி அவருக்கே அது இரவல் மாதிரி ஆகிவிட்டது. மழையில் நனைந்தால்கூடத் துடைக்க மாட்டார்.

கொட்டாஞ்சேனைக் கடை துறைமுகத்தை நோக்கி இறங்கும் ஒரு தெருவில் இருந்தது. கப்பல்களிலிருந்து கழித்த சாமான்கள் விற்கிற இடம். கயிறு, விளக்கு, தடித்த பீங்கான் கோப்பை எல்லாம் கூரை மட்டும் குவிந்து கிடந்தன. கடைக்காரர் மூக்கு நுனியில் கண்ணாடி வைத்த ஒரு சிங்கள முதலாளி. நானாவை அவருக்கு நெடுநாள் பழக்கம். மாமாவின் வீடு பக்கத்தில் என்பதால் அவரும் காவலுக்கு வந்து நின்றார். காட்டியவை மூன்று படகுகள். ஒன்று குளிக்கும் தொட்டி மாதிரி மெல்லிய நீல நிறப் பிளாஸ்டிக், மீன் வரைந்தது. பிள்ளைகள் விளையாடுவது. மாமாவுக்கு அதுதான் பிடித்தது. "இதை ஆர் கண்டாலும் சிரிப்பாங்கள், பிடிக்க மாட்டாங்கள்" என்றார். அக்கா விரல் நகத்தால் அதன் ஒட்டைத் தடவிப் பார்த்தாள். மூங்கில் முள் ஒன்று பட்டால் போதும், நடு ஆற்றில் அது வெறும் மேசைவிரிப்பு. இரண்டாவது கரும்பச்சை, நீளமானது, தடித்த ரப்பர் பூசிய துணி. மூன்றாவது தோடம்பழ நிறம். கொஞ்சம் குறுகல். ஆனால் சுற்றிவர மூன்று தனித்தனிக் காற்றறை, அடியில் மடித்து வைக்கக்கூடிய பலகைத் தளம், துடுப்புக் கொளுவப் பித்தளை வளையம், காலால் மிதிக்கிற பம்ப்.

அக்கா பார்த்த மாதிரிக் கலியாண வீட்டுக்குச் சீலை எடுக்கிற பெண்கள்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டையும் காற்றடிக்கச் சொன்னாள். சவர்க்காரத் தண்ணீர் கேட்டு வாங்கி, சைக்கிள் ட்யூப் ஒட்டுகிறவர்கள் செய்வதுபோல ஒட்டு ஒட்டாகத் தடவி, குமிழ் வருகிறதா என்று முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக உள்ளே ஏறியிருந்தாள். தூண்டில் வீசுவதுபோல் கையை வீசினாள். பச்சைப் படகுக்கு இரண்டே அறைகள். ஒன்று போனால் மற்றது ஆளைத் தாங்காது, ஒரு பக்கமாகக் கவிழும் என்றாள். மூன்று அறை என்றால் ஒன்று போனாலும் இரண்டு நிற்கும், கரைக்கு வந்துவிடலாம். காற்றோடு விட்டுவிடுங்கள், நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் கந்தோர் விட்டு வந்து கட்டைவிரலால் அழுத்தினாள். தோடம்பழப் படகு முதல் நாள் நின்றது போலவே திண்ணென்று நின்றது. முதலாளிக்கு அவளைப் பிடித்துவிட்டது.

நானா ஒரு விஷயம் மட்டும் சொன்னார். "மீனுக்குப் பச்சைதான் நல்லம். தண்ணியோட தண்ணியா ஈக்கும். எங்களுக்குத்தான் அது சரிவராது." மாமா அதைப் பிடித்துக்கொண்டு, பச்சை என்றால் பட்டாளத்துச் சாமான் என்று நினைப்பார்கள், பயத்துக்காவது மற்றதை எடு என்றார். அக்கா திரும்பிப் பார்த்தாள். "பயத்துக்கு எடுக்கேல்லை மாமா. ஒளிக்கிற ஆக்களுக்குத்தான் பச்சை. நான் ஏன் ஒளிக்க வேணும்? பாலத்தில காவல் நிக்கிறவனுக்குக் கூடத் தெரியட்டும், ஆத்தில ஆர் இருக்கினம் எண்டு."

முதலாளி பற்றுச்சீட்டுப் புத்தகத்தைத் திறந்து, பேனையை எடுத்து, நானாவின் முகத்தைப் பார்த்து "நம?" என்று சிங்களத்தில் பெயரைக் கேட்டார். நானாவும் ஆயத்தமாகத்தான் இருந்தார். "என்ட பேர்லயே போட்டுருவம் தங்கச்சி. எனக்கு ஒரு பாரமும் இல்ல" என்றார். மாமா பெருமூச்சு விட்டார். அக்கா கல்லாப் பலகையில் கையை வைத்தாள். அந்த முகத்தைத்தான் சொன்னேன். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. இனி இதற்கு மேல் ஓர் அடியும் பின்னால் வைக்க முடியாது என்ற முகம்.

"வீடு ஆரோடையோ பேரில. டெலிபோன் ஆரோடையோ பேரில. நீங்கள் தருவியள் நானா, எனக்குத் தெரியும். ஆனால் ஆத்துக்கு நடுவில நான் இருக்கேக்க அது என்ர போட்டா இருக்க வேணும். இல்லாட்டி எனக்கு இது வேண்டாம்."

 நானா முதலாளியின் பக்கம் திரும்பி, இந்த நோனாவின் பெயரையே எழுதுங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். அக்கா தன் பெயரைச் சொன்னாள், எழுத்துக் கூட்டினாள். அவர் இரண்டு இடத்தில் பிழைவிட, புதிய தாளில் எழுதச் சொன்னாள். மாமா வாசலுக்குப் போய் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். 

அதோடும் அவள் நிற்கவில்லை. படகின் இரண்டு பக்கமும் பெயர் எழுத வேண்டும் என்றாள். ஊரில் படகுகளுக்குச் சாமி பெயர், மாதா பெயர், பெண்பிள்ளைகள் பெயர் வைப்பார்கள். இவள் வைத்தது அடையாள அட்டையில் இருக்கிற தன் முழுப் பெயர். சிங்களத்தில், தமிழில், ஆங்கிலத்தில். ஒரு சனிக்கிழமை கதிரைகளை எல்லாம் பல்கனிக்குத் தள்ளிவிட்டு, ஹோலை நிரப்பிக்கொண்டு கிடந்த படகுக்கு வெள்ளைப் பெயின்ற் பூசினோம். சிங்களமும் ஆங்கிலமும் நான் எழுதினேன். தமிழை எழுதத் தொடங்கியபோது அதுவரை குசினி வாசலில் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்த அம்மா வந்து, "உந்த எழுத்து கோணுது, விடு" என்று தூரிகையைப் பறித்தார். அம்மாவின் எழுத்து அச்சுப் போல இருக்கும். சீலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு நிலத்தில் இருந்து, மகளின் பெயரை இரண்டு பக்கமும் எழுதி முடித்தார். எழுதி முடித்த பிறகும், இது நல்லதுக்கில்லை என்று சொல்லத் தவறவில்லை.

அடுத்த திங்கள் அக்கா லீவு போட்டாள். படகை யாராவது பார்த்துப் போய்ச் சொல்வதற்கு முன் தானே கொண்டுபோய்க் காட்டப் போவதாகச் சொன்னாள். அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "போறதெண்டால் நல்ல சீலையாக் கட்டிக்கொண்டு போ." பையை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு இரண்டு பேரும் பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். வீட்டில் தங்கியிருப்பவர்களைப் பதிவதற்கு எங்கள் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அக்கா முற்றத்தின் நடுவில் பையை அவிழ்த்து, படகை விரித்து, பம்பை மிதிக்கத் தொடங்கினாள். "ஃபுஸ், ஃபுஸ்" என்ற சத்தம் கேட்டு ஒவ்வொரு பொலிஸ்காரராக வெளியே வந்தார்கள். வரிசையில் நின்றவர்கள் எங்களைத் தெரியாதவர்கள்போல் மதிலைப் பார்த்தார்கள். படகு எழும்பி, பக்கத்தில் பெயர் நிமிர்ந்த நேரத்தில் பொறுப்பதிகாரியும் வந்துவிட்டார்.

கதை சிங்களத்தில் நடந்தது. இது என்ன என்றார். படகு, என்னுடையது, பெயர் எழுதியிருக்கிறது என்றாள். யார் கொண்டு வரச் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை. பிறகு ஏன் கொண்டு வந்தாய்? பிறகு நீங்கள் வந்து கண்டெடுத்தால் ஏன் ஒளித்தாய் என்று கேட்பீர்கள், அதனால். இதில் எங்கே போகப் போகிறாய்? ஆற்றுக்கு, மீன் பிடிக்க. அவர் சிரிக்காமல், இதில் இந்தியாவுக்குப் போக முடியாதா என்றார். அக்கா சொன்ன பதிலை நான் எங்கள் பேச்சில்தான் நினைவு வைத்திருக்கிறேன். "திரும்பி வராமல் போறவை பிளேனில போகினம், சேர். இது ஆத்தின்ர நடுவுக்குப் போய்த் திரும்பி வாறதுக்கு."  விசாரணை முடியும் வரை படகு இங்கேயே இருக்கட்டும், நீங்கள் போகலாம் என்றார்.

நான் அவள் கையைப் பிடித்தேன். போகலாம் என்று சொன்னதே பெரிய விஷயம், அதுவும் அந்தக் காலத்தில். அக்கா கையை விடுவித்தாள். செருப்பைக் கழற்றி வெளியே ஒழுங்காக வைத்தாள், தளத்தில் மண் படக் கூடாதென்று. சீலையை ஒதுக்கிக்கொண்டு படகுக்குள் ஏறி இருந்தாள். கைப்பையை மடியில் வைத்து, குடையை விரித்துக்கொண்டாள். படகு இருக்கும் மட்டும் நானும் இருக்கிறேன் சேர், என் பெயரில் இருக்கிற சாமானை விட்டுவிட்டுப் போனால் பிறகு யார் பொறுப்பு என்றாள். யாரும் அவளைத் தொடவில்லை. ஏனோ தொடவில்லை. வெயில் ஏறியது. படகு முற்றத்தின் நடுவில் கிடந்ததால் ஜீப் ஒன்று வெளியே போக முடியாமல் நின்றது. சாரதி இரண்டு தரம் ஹோன் அடித்துவிட்டு என்ஜினை நிறுத்தினான். நான் பக்கத்தில் நின்றேன்.  எனக்கு வந்தது பயமா சிரிப்பா என்று இன்றும் தெரியாது. வரிசையில் நின்ற ஒரு பெண் எங்களைப் பார்க்காமலே தன் தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் நீட்டினாள்.

கடைசியில் பொறுப்பதிகாரி திரும்பி வந்தார். ஆற்றுக்குப் போவதற்கு முன்னும் வந்த பின்னும் இங்கே அறிவிக்க வேண்டும் என்றார். சரி என்றாள். அவளுக்கு அது நியாயமாகப் பட்டது. காற்றைத் திறந்துவிட்டு, படகை மடித்துக்கொண்டு வந்தோம். ஜீப் சாரதி பையைத் தூக்கி ஓட்டோவில் வைத்தான்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் என் இளமையின் நல்ல நாட்கள். மூங்கில் நிழலுக்குள் படகை விட்டால் வெளியுலகம் கேட்காது. அக்கா தூண்டிலைப் போட்டுவிட்டு, கந்தோரில் ஒருநாளும் பாடாதவள், மெல்லப் பாடுவாள். கரையிலிருந்து நானா, இடது பக்கம் போடுங்க, வலது பக்கம் போடுங்க என்று கத்துவார். அவள் கேட்க மாட்டாள். சோதனைச் சாவடிகளில் பையை அவிழ்க்கச் சொன்னால், "ஊதிக் காட்டவா?" என்று பம்பை எடுப்பாள். இரண்டு மூன்று தரத்துக்குப் பிறகு போ, போ என்றார்கள். போகும்போதும் வரும்போதும் தவறாமல் பொலிஸ் நிலையத்தில் இறங்குவாள். வரும்போது காவலில் நிற்பவர்கள் மீன் இருக்கிறதா என்று கேட்பார்கள். சாக்கைத் திறந்து காட்டுவாள். கொடுக்க மாட்டாள்.

பிறகு நகரத்தில் ஒரு குண்டு வெடித்தது. மறுநாள் காலை பட்டாளத்தார் எங்கள் ஒழுங்கை முழுவதையும் சுற்றி வளைத்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் அலுமாரிக்கு மேலிருந்த பையை இழுத்து விழுத்தினார்கள். பொலிஸில் சொல்லிப் பதிந்த படகு, பெயரைப் பாருங்கள் என்று அக்கா சொல்லிக்கொண்டிருக்கும்போதே, உள்ளே எதுவும் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒருவன் கத்தியால் ஒரு பக்கத்தைக் கீறினான். கத்தி அம்மா எழுதிய தமிழ் எழுத்துக்களின் நடுவால் போனது. உள்ளே ஒன்றுமில்லை. இருக்கும் என்று அவனும் நினைத்திருக்க மாட்டான். அவர்கள் போன பிறகு அம்மா அந்தக் கிழிசலை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கனநேரம் இருந்தார்.

அக்கா அழவில்லை. கந்தோருக்குப் போகாமல் நேரே பொலிஸ் நிலையத்துக்குப் போனாள். நானும் போனேன். அதே அதிகாரி. கிழிந்த இடத்தை மேசையில் விரித்துக் காட்டினாள். அவர் பார்த்தார். காலம் அப்படி, வந்தவர்கள் எங்கள் பொலிஸ் ஆட்கள் இல்லை என்றார். குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது என்றுதான் சொல்வேன். அக்கா சொன்னாள், நீங்கள் கேட்டபடி ஒவ்வொரு கிழமையும் சொல்லிவிட்டுத்தான் போனேன், வந்து சொன்னேன். சொன்னதற்குக் கிடைத்தது இதுதான். இனிமேல் சொல்ல மாட்டேன். அவர் நிமிர்ந்து, சொல்லாமல் போனால் பிடிக்க வேண்டி வரும் என்றார். "பேர் போட்டில இருக்கு. விலாசம் உங்களிட்ட இருக்கு" என்று சொல்லிவிட்டு அக்கா படகைச் சுருட்டி எடுத்துக்கொண்டு எழுந்தாள். அதைச் சிங்களத்தில் அவ்வளவு மரியாதையாகச் சொன்னாள்.

தெமட்டகொடையில் நானா அறிந்த டயர் ஒட்டுகிறவர் கறுப்பு ரப்பரால் உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டுப் போட்டுத் தந்தார். தோடம்பழ நிறத்தின் மேல் அது பெரிய காயம்போல் தெரிந்தது. நாலு எழுத்துக்கள் அதற்குள் மறைந்துவிட்டன. அம்மா பெயின்ற் டப்பாவைத் திறந்து, அந்தக் கறுப்பின் மேல் நாலு எழுத்தையும் திரும்ப எழுதினார். அந்தக் கிழமை முழுக்க மாடிப்படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டால் மூவரும் கதவைத்தான் பார்த்தோம். அம்மா அக்காவுக்கென்று மாற்றுடுப்பும் பல்துலக்கியும் வைத்து ஒரு சின்னப் பையைக் கதவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். பிடித்துக்கொண்டு போனால் கொடுப்பதற்கு. யாரும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஹோன் அடித்தது. பொலிஸ் நிலையத்தை நெருங்கும்போது நானா வேகத்தைக் குறைத்துக் கண்ணாடிக்குள்ளால் அக்காவைப் பார்த்தார். "நேரா விடுங்கோ, நானா" என்றாள். அவரும் நேரே விட்டார். அவருடைய மனைவி மட்டும் ஓதத் தொடங்கினார். பாலத்துச் சாவடியில் புதிய ஒருவன் நின்றான். எங்கே பதிந்திருக்கிறது, யாருக்குச் சொன்னீர்கள் என்றான். அக்கா இறங்கிப் பையைத் திறந்து, பெயர் இருந்த பக்கத்தை எடுத்து அவன் முன் பிடித்தாள். பிறகு அடையாள அட்டையை அதற்குப் பக்கத்தில் பிடித்தாள். அவன் சிங்கள எழுத்தை வாசித்தான், அட்டையைப் பார்த்தான், கறுப்பு ஒட்டைப் பார்த்தான். கொஞ்சம் தள்ளி நின்ற பெரியவனைப் பார்த்தான். கையால் போ என்று காட்டினான். அன்று மூங்கிலடியில் அக்கா பிடித்த விரால் என் முழங்கை நீளம். பொழுதுபட வந்தபோது அம்மா பல்கனியில் நின்றார். மீனை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் குழம்பு மணந்தது. எட்டிப் பார்த்தேன். அடுப்பில் இருந்தது அவருடைய மண்சட்டி.

மாமா பயந்ததுபோல் பொலிஸ் ரிப்போட்டில் ஒரு கீறும் விழவில்லை. விசா வந்தது. அக்கா போகவில்லை. நானும் இங்கேயே கலியாணம் கட்டி ஹெவ்லொக் டவுனில் குடியிருக்கிறேன். அம்மா போனார், ஒரு பனிக்காலத்தை யன்னலுக்குள்ளால் பார்த்துவிட்டு, அங்கத்தைய மீனுக்கு உயிரில்லை என்று திரும்பி வந்துவிட்டார். கடைசி மட்டும் இந்த வீட்டில்தான் இருந்தார். நானாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது அவருடைய மகள் கார் ஓட்டி வருகிறாள். பாலத்தில் சாவடி இல்லை. பையைத் திறக்கச் சொல்ல யாருமில்லை. வெள்ளவத்தையில் எங்கள் பெயரில் வீடு வாங்குகிறோம், கார் வாங்குகிறோம். ஆனாலும் வீதியில் யாராவது பெயரைக் கேட்டால் என் வாய் இன்னும் பாதிப் பெயரைத்தான் சொல்கிறது. அக்காவின் வாய்க்கு அந்தப் பழக்கம் அன்றும் வரவில்லை, இன்றும் இல்லை.

அன்று ஃபோனில் அண்ணாவுக்கு நான்தான் பதில் சொன்னேன். அவளுடைய பெயரில் என்றால் அனுப்பட்டுமாம், இல்லாவிட்டால் தானே எடுப்பாளாம் என்றேன். அண்ணா சிரித்துக்கொண்டு, "முப்பது வருசமாகியும் மாறேல்லையே?" என்றார். அக்காவே எடுத்தாள். பச்சை, சாம்பல், தோடம்பழ நிறம் என்று மூன்று காட்டினார்கள். எதைத் தெரிவு செய்தாள் என்று சொல்லத் தேவையில்லை. மூன்று அறை. பெயர் கேட்ட இடத்தில் முழுப் பெயரையும் ஒரு விரலால் தேடித் தேடி அடித்தாள்.

நேற்றுப் போனபோது பழைய படகு ஹோலில் விரித்துக் கிடந்தது. அக்கா அம்மாவின் பெரிய கத்தரிக்கோலோடு நிலத்தில் இருந்தாள். நான் எழுதிய சிங்களமும் ஆங்கிலமும் வெயிலில் தேய்ந்து, எழுத்து இருந்த இடம் என்று மட்டும் தெரிந்தன. அம்மா எழுதிய தமிழும் மங்கிவிட்டது. அந்த ஒட்டின் மேலிருந்த நாலு எழுத்து மட்டும் கறுப்பில் வெள்ளையாக, நேற்று எழுதியதுபோல் நின்றது. அக்கா பெயரைச் சுற்றிப் பொறுமையாக வெட்டினாள். ஒட்டோடு சேர்த்து, ஓர் எழுத்தும் குறையாமல் வெட்டி எடுத்து, ஈரத் துணியால் துடைத்து, அலுமாரிக்கு மேல் பை இருந்த இடத்தில் விரித்து வைத்தாள். புதியதில் ஒட்டுவதற்குப் பசையும் வாங்கி வைத்திருக்கிறாள்.

புதுப் படகு இன்னும் வந்து சேரவில்லை. பெயர் ஆயத்தமாக இருக்கிறது.